ஊறுகாய்ச் சாடியும் நாங்களும்

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய மதியபோசன ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது பேசவேண்டும் என்று சங்கம் கேட்டது. எங்கள் வகுப்பில் வைத்தியம் படித்தவர்கள் சிலர் இருக்கிறபடியால், 'நாற்பதுக்குப் பின் நலவாழ்வு' என்று ஒரு தலைப்பையும் தந்தார்கள். யோசித்துப் பார்த்தோம். சாப்பாட்டு மேசை விரித்தபிறகு சீனி, கொழுப்பு, உப்பு என்று பத்து நிமிடம் பயமுறுத்தினால், விடியற்காலை நாலு மணியிலிருந்து சமைத்த அக்காமார் எங்களைச் சும்மா விடுவார்களா? அதனால் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எங்களுக்கு உண்மையில் தெரிந்த ஒரு விடயத்தைப் பேச வந்திருக்கிறோம். ஊறுகாயைப் பற்றி.

சிரிக்காதீர்கள். ஊறுகாயை இந்தக் கல்லூரியிலேதான் நாங்கள் முதன்முதலில் முறையாகப் படித்தோம். அதுவும் தமிழ் வகுப்பில். ஆண்டு ஒன்பதில் வினைத்தொகை வந்தது. 'காலங் கரந்த பெயரெச்சம்' என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதிவிட்டு, உதாரணத்துக்கு 'ஊறுகாய்' என்றார். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். ஒரே சொல்லுக்குள் மூன்று காலமும் ஒளிந்திருக்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க, கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல், "ரீச்சர், நாலாவது காலமும் இருக்கு. முடிஞ்ச காய்!" என்றது. விடுதியில் அன்று காலைதான் கடைசிப் போத்தல் காலியாகியிருந்தது. அந்தக் குரலுக்குரியவர் இப்போது ஒரு பெரிய பதவியில் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டோம். அவருடைய மகளும் பின்வரிசையில் இருக்கிறாள்.

விடுதியை நினைத்தால் எங்களுக்கு முதலில் வருவது மணியோசை அல்ல, போத்தல் மூடி திறக்கும் சத்தம். எங்கள் காலம் பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்துப் படித்தோம். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். அப்படி இருக்க, சாப்பாட்டு மேசையில் என்ன வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் கஞ்சி. இரவில் புட்டு, அல்லது புட்டைப் போல ஒன்று. அதை விழுங்க வைத்தது வீட்டிலிருந்து ஒவ்வொருத்தியும் கொண்டுவந்த ஊறுகாய்தான். அலுமாரியில் உடுப்புக்குள் ஒளித்து வைத்திருப்போம். மேட்றன் பரிசோதனைக்கு வந்தால் போத்தலைத் தேடவே மாட்டார். கதவடியில் நின்று மூக்கை இரண்டுதரம் உறிஞ்சுவார். "வெந்தயம் ஆற்றை அலுமாரி?" என்று கேட்பார். பிடிபட்ட போத்தல் பொது மேசைக்குப் போய்விடும். அதனால் இரண்டு போத்தல் வைத்திருக்கப் பழகினோம், ஒன்று பிடிபடுவதற்கு, ஒன்று சாப்பிடுவதற்கு.

இந்த இடத்தில் கப்பித்தான் குக்கின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1768இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது அவர் புளிக்கவைத்த கோவாவைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்றார். மாதக்கணக்கில் பச்சை மரக்கறி காணாத மாலுமிகளுக்கு ஸ்கேர்வி நோய் வந்துவிடும் என்ற பயம். மாலுமிகளோ அதைத் தொடவும் மாட்டோம் என்றார்கள். குக் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதை நாள்தோறும் அதிகாரிகளின் மேசையில் மட்டும் வைக்கச் சொன்னார். ஒரு கிழமைக்குள், எங்களுக்கும் தா என்று மாலுமிகள் கேட்கத் தொடங்கி, கடைசியில் அளந்து கொடுக்கவேண்டி வந்துவிட்டது. ஆசிரியைகளின் மேசையில் இருக்கிற ஊறுகாய்க்கு மட்டும் ஏன் அவ்வளவு ருசி என்ற எங்கள் விடுதிச் சந்தேகத்துக்கு, வைத்தியம் படிக்கப் போய்த்தான் விடை கிடைத்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் தேசிக்காய் ஊறுகாயை விற்றமின் சீக்காக யாரும் சாப்பிடவேண்டாம். நாட்கணக்கில் வெயிலில் காய்ந்து, மாதக்கணக்கில் சாடியில் கிடந்தபின் அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. வாய்க்குப் பிடித்ததென்பதற்காகச் சாப்பிடுங்கள். அது போதுமான காரணம்.

யாழ்ப்பாணத்து ஊறுகாய் என்றால் தேசிக்காய்தான். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் பக்குவத்தைக் கட்டாயம் சொல்லச் சொன்னார்கள். நன்றாகப் பழுத்து மஞ்சளான தேசிக்காய் 50 எடுங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். அடி பிரியாமல் நாலாகக் கீறி, பிளவுக்குள் கல்லுப்பைத் திணித்துச் சாடியில் அடுக்குங்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மூன்று நாள், நாளுக்கு ஒருதரம் குலுக்கிவிடுங்கள். நாலாம் நாள் காயைச் சுளகில் பரப்பி வெயிலில் காயவிட்டு, பின்னேரம் திரும்பவும் அதே உப்புத் தண்ணீருக்குள் போடுங்கள். தண்ணீர் முழுவதையும் காய் குடித்து, தோல் கபில நிறமாகச் சுருளும்வரை இதே வேலைதான். அப்படியே உலர்த்தி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். வேண்டியபோது எடுத்து, வறுத்து இடித்த செத்தல் மிளகாய், வெந்தயம், பெருங்காயம், கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் புதுத் தேசிப்புளியில் ஊறவிட்டால் ஊறுகாய் தயார்.

இதிலுள்ள விஞ்ஞானம் நாங்கள் ஆண்டு பத்தில் படித்ததுதான். உப்பு காயிலிருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். அது இல்லை. மிச்சத்தைத் தேசிப்புளியின் அமிலம் பார்த்துக்கொள்ளும். மாங்காய் ஊறுகாய்க்கு மேலே நிற்கிற நல்லெண்ணெய் காற்றை மறித்து, பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். அலுமினியப் பாத்திரமோ பித்தளைக் கரண்டியோ கூடாது. உப்பும் புளியும் சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும். அதனால்தான் மெருகு பூசிய சாடியும் மரக் கரண்டியும். எங்கள் ஆச்சிமார் இரசாயனம் படித்ததில்லை. ஆனால் ஒன்றையும் பிழையாகச் செய்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறோம்.

படிப்புக்கும் வேலைக்கும் தெற்கே போனபோதுதான் ஊறுகாய் உலகம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த மலாயர் வழி வந்த மலாய் அச்சாறை முதன்முதலில் ஒரு தோழி வீட்டுப் புரியாணியோடு சாப்பிட்டோம். முழுச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பேரீச்சம்பழம், எல்லாம் கடுகும் வினாகிரியும் சீனியும் சேர்ந்த கூட்டில் கிடந்தன. ஊறுகாய் இனிக்கவும் கூடும் என்று அன்றுதான் தெரிந்தது. காலிமுகத்திடலில் பின்னேரக் காற்றில் நின்று உப்பும் தூளும் குலுக்கிய அம்பிரலங்காயும் அன்னாசியும் வாங்கித் தின்று, சோதனைக் கவலையை மறந்தோம். விடுதி அறையில் கூட இருந்த சிங்களத் தோழி ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து, "லுணு தெஹி" என்றாள். திறந்து பார்த்தால் எங்கள் உப்புத் தேசிக்காய்! லுணு என்றால் உப்பு. தேசி, தெஹி, பெயர்கூட அக்காவும் தங்கையும்போல. அவளுக்கு அப்போது தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் கஞ்சிக்குள் அதை எப்படி நசித்துச் சாப்பிடுவது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுக்க மொழி தேவைப்படவில்லை.

இனி அந்த ஒன்றே ஒன்று.

எங்கள் வயதுப் பெண்களில் இதைக் கேளாமல் வளர்ந்தவர்கள் குறைவு. "துடக்கோடை ஊறுகாய்ச் சாடியைத் தொடாதை. பூஞ்சணம் பிடிச்சிடும்." மாதத்தில் மூன்று நாள், நாலு நாள், சாப்பாட்டு மேசையில் சாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் தம்பியைக் கூப்பிட்டுத்தான் எடுத்துத் தரச் சொல்லவேண்டும். தம்பி ஏன் என்று கேட்பான். அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். வீடு முழுக்கச் செய்தி போய்விடும். ஒரு துண்டு ஊறுகாய்க்காக எங்கள் உடம்பின் கணக்கை எல்லோருக்கும் ஒப்புவிக்கவேண்டும். பலர் அந்த நாட்களில் ஊறுகாய் பிடிக்காது என்று சொல்லப் பழகிவிட்டோம்.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் வகுப்புத் தோழிகள் ஐந்துபேர் இருந்தோம். அதில் ஒருத்தியின் அம்மம்மாதான் எங்கள் எல்லோருக்கும் ஆச்சி. ஊறுகாய்க்குப் பெயர்போன கை. சாடி அவருடைய கட்டிலடியில் இருக்கும். இந்தச் சட்டத்தை ஊரிலேயே கடுமையாகப் பிடித்தவரும் அவர்தான். சாடி இருக்கிற அறைக்குள்ளேயே விடமாட்டார்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இங்கே பலருக்குச் சொல்லத் தேவையில்லை. வலிகாமத்து மக்கள் அவ்வளவுபேரும் ஒரே தெருவில், மழைக்குள், செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தோம். ஓர் அடி வைக்க நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தது. வெளிக்கிடும்போது காணி உறுதி எடுத்தாச்சா, நகை எடுத்தாச்சா, சேர்ட்டிபிக்கற் எடுத்தாச்சா என்று பெரியவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, ஆச்சி கேட்டது ஒன்றுதான். "சாடி எங்கை?"

சைக்கிள்களில் இடமில்லை. ஆச்சியால் தூக்க முடியாது. பெரியவர்களின் கைகளில் சின்னப் பிள்ளைகள். கடைசியில் சாடி எங்களில் ஒருத்தியின் இடுப்புக்கு வந்தது. அவளுக்கு அன்று இரண்டாம் நாள். நடந்துகொண்டே ஆச்சியின் காதோடு போய் நடுங்கி நடுங்கிச் சொன்னாள். ஆச்சி இருட்டுக்குள் அவளை ஒருதரம் பார்த்தார். "வாயை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடி பிள்ளை" என்றார். அவ்வளவுதான். விடியும்வரை சாடி அவளுடைய இடுப்பிலேயே இருந்தது.

தென்மராட்சியில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம், 17 பேர். அரிசி கிடைத்த நாட்களில் கஞ்சி. ஆச்சி மரக் கரண்டியால் ஆளுக்கு அரைத் துண்டு அளந்து வைப்பார். ஒரே அறையில் எட்டுப் பெண்கள் படுத்து எழும்பியபோது, யாருக்கு எந்த நாள், யார் எதைத் தொட்டார்கள் என்று பார்க்க இடமுமில்லை, நேரமுமில்லை. எல்லோரும் சாடியைத் தொட்டோம். இடம் மாற்றினோம், வெயிலில் வைத்தோம், மழைக்கு உள்ளே எடுத்தோம். தைப்பொங்கலும் கழிந்து, ஒருநாள் கரண்டி அடியில் தட்டியது. எட்டிப் பார்த்தோம். பூஞ்சணம் என்று பேருக்கும் ஒரு புள்ளி இல்லை.

சாடி சுமந்தவள் மெதுவாகக் கேட்டாள். "ஆச்சி, பழுதாகேல்லையே?"

ஆச்சி சாடியின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாடிக்கு என்னடி தெரியும்? உப்புக் குறைஞ்சால்தான் அதுக்குத் தெரியும்."

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி, ஓடு உடைந்த வீட்டைக் கூட்டித் துடைத்தபின், ஆச்சி முதலில் தேசிக்காய்தான் வாங்குவித்தார். ஐந்துபேரையும் கூப்பிட்டு இருத்தி, கீறவும் உப்புத் திணிக்கவும் பழக்கினார். நாளும் கேட்கவில்லை, கோளும் கேட்கவில்லை. "கை காய்ஞ்சிருக்கோ?" என்று மட்டும் ஒவ்வொருத்தியின் உள்ளங்கையையும் தடவிப் பார்த்தார்.

வைத்தியம் படித்தபிறகு நாங்கள் ஆச்சியின் தீர்ப்புக்கு மேலே சேர்க்க ஒன்றும் இல்லை. மாதவிடாய்க்கும் ஊறுகாய் பழுதாவதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஊறுகாயைப் பழுதாக்குவது ஈரக்கை, ஈரக் கரண்டி, குறைந்த உப்பு. ஈரம் பட்ட இடத்தில் உப்பின் செறிவு குறையும், அந்த இடத்தில் பங்கசு பிடிக்கும். அந்தக் கை ஆணின் கையா பெண்ணின் கையா, மாதத்தில் எத்தனையாம் நாள் என்றெல்லாம் பங்கசு பார்ப்பதில்லை.

இது முடிந்துபோன கதை என்று நினைத்தோம். ஆனால் கிளினிக்கில் இன்னும் கேட்கிறோம். வயிற்றுக்குத்தோடு வருகிற சின்னப் பெண்ணிடம் எத்தனை மாதமாக என்று கேட்டால், தாய்தான் பதில் சொல்கிறார். பிள்ளை நிலத்தைப் பார்க்கிறாள். ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருப்பாள், இரத்தம் அதிகம் போய்க் களைத்திருப்பாள், ஆனால் சொல்லியிருக்கமாட்டாள். வருத்தம் முற்றியபின் வருகிறவர்களும் இருக்கிறார்கள். சாடியைத் தொடக்கூடாது என்று பழகிய பிள்ளைக்கு, தன் உடம்பைப் பற்றிக் கதைப்பதும் கூடாது என்று தானாகவே விளங்கிவிடுகிறது. பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறோம். படிப்பை நிறுத்துகிற அளவுக்குக் குத்து இருந்தால் அது பொறுத்துக்கொள்ளவேண்டியது அல்ல. வீட்டில் சொல்லுங்கள், ரீச்சரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் வாருங்கள். அம்மாமாரே, அன்றைக்குச் சாடியை மகளே எடுத்து வைக்கட்டும்.

சரி, சங்கம் தந்த தலைப்பையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது. அது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. கறி, பாண், கருவாடு எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் அதற்குள் அடக்கம். ஊறுகாய் அதில் பெரிய பங்கை எடுத்துவிடும். பிரெஷருக்கு மருந்து எடுக்கிறவர்களிடம் "ஊறுகாய் சாப்பிடுறனீங்களோ?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான். "ஐயோ இல்லை டொக்டர். தொட்டு நக்கிறது மட்டும்." எத்தனைதரம் தொடுவது என்று கேட்டால் கிளினிக் முடிந்துவிடும். எங்கள் அம்மாமாருக்கும் இதே கேள்வி, இதே பதில். ஒரு முறை இந்த அறிவுரையை முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க, அதே நோயாளி மருந்துத் துண்டில் கையெழுத்துக்குத் திரும்பி வந்தார். சோற்றுக்கு நடுவில் தேசிக்காய் ஊறுகாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "டொக்டரும் தொட்டு நக்கிறதுதானோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே பத்தியம் இதுதான். பிரெஷர், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் விலக்கிவிடுங்கள், அல்லது உங்கள் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஆச்சி அளந்த அளவைப் பிடியுங்கள். ஆளுக்கு அரைத் துண்டு.

இன்று எங்கள் வகுப்பு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் சிதறிக் கிடக்கிறது. ஐந்து மடிப்புப் பிளாஸ்ரிக்கில் சுற்றிய போத்தல் சூட்கேசுக்குள் கசிந்து, கூறைச் சேலை முழுக்க வெந்தயம் மணத்த கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. வெயில் காணாத மாதங்களில் ஹீற்றருக்கு மேலே தட்டு வைத்துத் தேசிக்காய் உலர்த்துகிற தோழியும் இருக்கிறாள். வகுப்புத் தொலைபேசிக் குழுவில் ஒருத்தி படம் போட்டு "காய்ஞ்சது காணுமோ?" என்று கேட்டால், ஐந்து நாட்டிலிருந்து ஐந்து பதில் வரும். சண்டையும் வரும். கதைக்காமல் இருந்த இருவர் அப்படிக் கதைத்துச் சேர்ந்ததும் உண்டு.

அந்தச் சாடி இப்போதும் இருக்கிறது. ஆச்சி இல்லை. ஒரு காது உடைந்து, வாயில் சின்ன வெடிப்போடு, இன்று அந்த மேசையில் இருக்கிறது. அதற்குள் இருப்பது போன மாசியில் எங்கள் வகுப்பில் ஊரில் இருக்கிற நாலுபேர் சேர்ந்து போட்ட ஊறுகாய். யாருக்கு எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது, சாடிக்கும் தெரியாது.

தமிழ் ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், நீங்கள் சொன்னது சரி, மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. ஊறிய காய்கள் முன்வரிசையில், ஊறுகின்ற நாங்கள் நடுவில், ஊறப்போகிறவர்கள் பின்வரிசையில். இந்த நூறு வருடச் சாடியில் எங்களையும் போட்டு ஊறவைத்த எல்லோருக்கும் நன்றி.

இனி எழும்பிச் சாப்பிட வாருங்கள். எல்லோரும் எடுக்கலாம். ஈரக்கை மட்டும் வேண்டாம்.